ஆறு பூட்டு, நான்கு சாவி

லண்டனின் வடமேற்கில் கென்சல் ரைஸ் என்றொரு பகுதி. 2012 மே 29. விடிய இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது. தெருமுனையிலுள்ள பழைய செங்கல் கட்டடத்தின் முன்னால் உள்ளாட்சிக் கவுன்சில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், கூடவே போலீஸ். கள்ளச் சரக்கைக் கைப்பற்றவோ தலைமறைவானவனைப் பிடிக்கவோ அவர்கள் வரவில்லை. ஏழு மாதமாக மூடிக்கிடந்த ஒரு கிளை நூலகத்தின் புத்தகங்களை அள்ளிக்கொண்டுபோக வந்திருந்தார்கள். மேசை, நாற்காலி, சுவரோவியங்கள் உட்பட எல்லாமே போயின. செய்தி கேட்டு ஓடிவந்தவர்களால் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

இதைப் பகலில் செய்திருக்க முடியாதா? முடியாது. முந்தைய அக்டோபரிலிருந்தே ஊரார் முறைவைத்து அந்த வாசலைக் காத்துவந்தார்கள். வெளியே ஒரு கொட்டகை போட்டு, தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கி, தாங்களே ஒரு தெருவோர நூலகத்தையும் நடத்தினார்கள். இங்கிலாந்தின் கவுன்சில்கள் ஊர் எதிர்ப்பை எவ்வளவோ பார்த்தவை. ஆனால் வாசகர்களுக்குப் பயந்து இருட்டில் வர வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம்.

கென்சல் ரைஸ், பிரென்ட் என்ற போரோவுக்குள், அதாவது லண்டனின் ஓர் உள்ளாட்சிப் பகுதிக்குள் வருகிறது. வெம்பிளி விளையாட்டரங்கம் இருக்கும் போரோ என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ஈலிங் ரோட்டில் தமிழ்க் கடைகள், அல்பர்ட்டனில் ஈழபதீஸ்வரர் கோயில், நீஸ்டனில் குஜராத்திகளின் பளிங்குக் கோயில், ஹார்ல்ஸ்டனில் கரீபியர், கில்பர்னில் ஐரிஷ்காரர் என்று உலகமே கலந்து வாழும் இடம். 2010இல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ்-லிபரல் டெமாக்ரட் கூட்டணி, சிக்கனம் என்ற பெயரில் உள்ளாட்சிகளுக்கான மானியத்தைக் கடுமையாகக் குறைத்தது. பிரென்ட் கவுன்சில் இருந்ததோ லேபர் கட்சியின் கையில். பணத்தை வெட்டியது ஒரு கட்சி, நூலகத்தை வெட்டியது இன்னொரு கட்சி. ஆகவே யாரிடம் கேட்டாலும் விரல் அடுத்தவரை நோக்கித்தான் நீண்டது.

2011 ஏப்ரல் 11 அன்று கவுன்சிலின் நிர்வாகக் குழு கூடியது. போரோவிலிருந்த 12 நூலகங்களில் ஆறை மூடுவது என்று முடிவெடுத்தது. பார்ஹம் பார்க், கிரிக்கில்வுட், கென்சல் ரைஸ், நீஸ்டன், பிரெஸ்டன், டோக்கிங்டன். மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட தொகை ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பவுண்டு.

கவுன்சில் சொன்ன காரணத்தையும் கேட்க வேண்டும், அது ஒன்றும் முட்டாள்தனமான வாதமில்லை. மூடப்படும் ஆறிலும் கூட்டம் குறைவு. கட்டடங்கள் பழையவை. அரைகுறையாகப் பன்னிரண்டை நடத்துவதைவிட ஆறை நன்றாக நடத்தலாம், வாரம் 7 நாளும் திறந்து வைக்கலாம், வெம்பிளியில் கட்டப்படும் புதிய சிவிக் சென்டரில் பெரிய நூலகம் ஒன்று வரும். சொன்னபடி 2013இல் அது வந்தது. அந்தத் தலைமையகக் கட்டடத்தின் செலவு சுமார் 9 கோடி பவுண்டு. பல இடங்களில் சிதறிக் கிடந்த அலுவலகங்களை ஒரே கூரைக்குள் கொண்டுவருவதால் அதிலும் மிச்சம்தான் என்று கணக்குக் காட்டினார்கள். 9 கோடியில் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு 10 லட்சம் கனக்கிறதா என்று ஊர் கேட்டது. கட்டுமானக் கடன் வேறு, ஆண்டுச் செலவு வேறு என்பது கணக்கர்களுக்குத் தெரியும். நூலகத்தைப் பறிகொடுத்தவனிடம் அந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது?

எனக்கு அந்த வாதத்தில் உறுத்துவது வேறொன்று. பெரிய நூலகத்துக்குப் போகிறவரும் தெருமுனை நூலகத்துக்குப் போகிறவரும் ஒரே ஆளல்ல. பரீட்சைக்குப் படிக்கும் இளைஞன் இரண்டு பேருந்து மாறியாவது போய்விடுவான். பள்ளி விட்டதும் அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை ஒதுங்க இடம் தேடும் பத்து வயதுப் பிள்ளை போகமாட்டாள். தடியூன்றி நடக்கும் கிழவர் போகமாட்டார். ‘கூட்டம் குறைவு’ என்று கவுன்சில் எண்ணியது இவர்களைத்தான்.

மார்க் ட்வெய்ன் திறந்த கதவு

ஆறு நூலகங்களில் கென்சல் ரைஸுக்கு மட்டும் ஒரு பெரிய வரலாறு இருந்தது. 1900ஆம் ஆண்டுக் கோடையில் மார்க் ட்வெய்ன் குடும்பத்தோடு பக்கத்திலிருந்த டாலிஸ் ஹில் மாளிகையில் தங்கியிருந்தார். நான்கு வருடங்களுக்கு முன்புதான் இந்தியாவிலும் இலங்கையிலும் சொற்பொழிவுப் பயணம் முடித்துப் போனவர். அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று இந்த வாசகசாலையைத் திறந்துவைத்தவர் அவர்தான். நிலத்தைக் கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரி. அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் கல்லூரிச் சொத்து. காலேஜ் ரோடு, ஆல் சோல்ஸ் அவென்யூ என்று தெருப்பெயர்களில் இன்றும் அது இருக்கிறது. 1904இல் அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 3,000 பவுண்டு கொடுக்க, வாசகசாலை விரிந்து முழு நூலகமானது.

கல்லூரி நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்த இடம் இலவச நூலகமாகவும் வாசகசாலையாகவும் மட்டுமே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் கல்லூரிக்கே திரும்பும். நூறு ஆண்டுகள் அந்த வரி நூலகத்துக்குக் காவலாக இருந்தது. கவுன்சில் மூடியதும் அதே வரி எதிரியானது. மூடிய நூலகம் கவுன்சிலுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. உலகப் புகழ்பெற்ற நூலகமொன்றைத் தன் வளாகத்துக்குள் வைத்திருக்கும் கல்லூரிக்கு, லண்டனில் விலையேறிய ஒரு மூலைமனை திரும்பக் கிடைத்தது.

போராட்டத்துக்குப் பெரிய பெயர்கள் வந்தன. நாடக ஆசிரியர் ஆலன் பென்னட் கென்சல் ரைஸுக்கு வந்து பேசினார். நூலகத்தை மூடுவது குழந்தைகளுக்கு இழைக்கும் கொடுமை என்றே சொன்னார். இதே போரோவில், வில்ஸ்டனில் வளர்ந்த நாவலாசிரியை ஸேடி ஸ்மித் பேசினார், பிறகு நீண்ட கட்டுரையும் எழுதினார். பாடகர்களும் இசைக்குழுக்களும் வழக்குச் செலவுக்கு உதவினார்கள். வழக்கு ஆறு நூலகங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பத்திரிகைகளில் வந்த புகைப்படம் எப்போதும் மார்க் ட்வெய்ன் நூலகத்தின் புகைப்படம்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியின் இயல்பு அது. அதன் விளைவு பின்னால் தெரியும்.

2011 அக்டோபர் 13 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஊஸ்லி, கவுன்சில் செய்தது சட்டப்படி சரி என்றார். தீர்ப்பு வந்த கையோடு ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க ஆட்கள் வந்தார்கள். கென்சல் ரைஸில் ஊரார் கைகோத்து வாசலை மறித்தார்கள். இரவுக் காவல் தொடங்கியது அப்போதுதான்.

மேல்முறையீட்டில் வைக்கப்பட்ட ஒரு வாதத்தை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரென்ட் மக்கள்தொகையில் ஆசியர் 28 சதவிகிதம், நூலகங்களில் புத்தகம் எடுப்போரில் அவர்கள் 46 சதவிகிதம். ஆகவே நூலகத்தை மூடினால் அடி அதிகம் விழுவது அவர்கள்மேல்தான், இது மறைமுகப் பாகுபாடு என்றார்கள். குஜராத்தி வணிகரின் பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவரின் மகளும் அந்த 46க்குள் அடங்குவார்கள். டிசம்பர் 19 அன்று மூன்று நீதிபதிகளும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு பெரிய செலவுக் குறைப்பில் நூலகமும் தன் பங்கைச் சுமப்பது சட்டவிரோதமாகாது என்பது தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை.

காலியான அலமாரி, திறந்திருந்த ஜன்னல்

அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்து முழுக்க இதே கதைதான். ஒவ்வொரு ஊரும் ஒரு புது வழி கண்டுபிடித்தது. எனக்கு மிகப் பிடித்தது ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர்கள் செய்த வேலை. மில்டன் கீன்ஸ் அருகே ஒரு சிற்றூர். 2011 ஜனவரியில் நூலகத்தை மூடும் பேச்சு எழுந்தது. மறியல், கோஷம் எதுவும் இல்லை. ஒரு உறுப்பினர் 15 புத்தகம் வரை எடுக்கலாம் என்பது விதி. விதிப்படியே எல்லோரும் போய் ஆளுக்கு 15 எடுத்தார்கள். சில நாள்களில் 16,000 புத்தகங்களும் வீடுகளுக்குப் போய்விட்டன. ஜனவரி 15 அன்று நூலகம் திறந்திருந்தது, அலமாரியில் ஒரு புத்தகம் இல்லை. வெறும் அலமாரியின் படம் உலகம் முழுவதும் போனது. ‘இந்த நூலகத்தை யாரும் பயன்படுத்துவதில்லை’ என்ற வாயை, நூலகத்தைப் பயன்படுத்தியே அடைத்தார்கள். நூலகம் தப்பியது.

வடக்கு லண்டனில் ஃப்ரையர்ன் பார்னெட் நூலகம் 1934இல் கட்டியது. பார்னெட் கவுன்சில் 2012 ஏப்ரலில் அதை மூடியது. செப்டம்பர் தொடக்கத்தில், வீடில்லாமல் காலிக் கட்டடங்களில் குடியேறி வாழும் இளைஞர்கள் சிலர் உள்ளே புகுந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது என்றார்கள், இருந்திருக்கும். அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் காலி வீடுகளில் குடியேறுவது குற்றம் என்று புதுச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. நூலகமோ வீடல்ல! சட்டத்துக்கு வெளியே நின்ற கட்டடத்தில் இளைஞர்கள் நூலகத்தையே திறந்துவிட்டார்கள். சாதாரண நாளில் இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகும் நடுத்தர வர்க்கத்து ஓய்வூதியக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து மாதங்கள் அந்தக் கூட்டணி நீடித்தது. கவுன்சில் நீதிமன்றம் போனது, பிறகு பேச்சுக்கு வந்தது. 2013 பிப்ரவரியில் சாவி ஊரார் கைக்கு வந்தது.

தெற்கு லண்டனின் ஹெர்ன் ஹில்லில் 1906இல் கட்டிய கார்னகி நூலகம் உண்டு. அதை உடற்பயிற்சிக்கூடமாக்கும் திட்டத்தை எதிர்த்து, 2016 மார்ச் கடைசி நாளில் மூடும் நேரம் வந்தபோது வாசகர்கள் எழுந்து போக மறுத்தார்கள். குழந்தை குட்டியோடு பத்து நாள் அங்கேயே உறங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து அதுவும் திறந்தது, உடற்பயிற்சிக்கூடமும் கூடவே.

சட்டம் என்ன செய்தது?

இங்கிலாந்தில் பொது நூலகம் கவுன்சிலின் தயவில் நடப்பதல்ல. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுமையான, திறமையான நூலகச் சேவையைத் தருவது உள்ளாட்சியின் கடமை. தவறினால் அமைச்சர் விசாரணை வைக்கலாம். அப்படி ஒரு விசாரணை 2009இல் நடந்தது. வடமேற்கு இங்கிலாந்திலுள்ள விர்ரல் கவுன்சில் தன் 24 நூலகங்களில் 11ஐ மூட முனைந்தபோது, முதலில் தயங்கிய லேபர் அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். கவுன்சில் பின்வாங்கியது. ஏன் இத்தனை தாமதம் என்று அன்று அமைச்சரைக் காய்ச்சி எடுத்த எதிர்க்கட்சிப் பிரமுகர் எட் வேய்ஸி. அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, நூலகத்துறை அவரிடமே வந்தது. பிரென்ட்டில் பாதி நூலகங்கள் மூடப்பட்டபோது அவர் தலையிடவில்லை. எதிர்க்கட்சி நாற்காலியும் அமைச்சர் நாற்காலியும் எங்கும் ஒரே மரத்தில் செய்யப்படுவதில்லை போலும்.

நீதிமன்றங்கள் சில இடங்களில் ஊரார் பக்கம் நின்றன. 2011 நவம்பரில் க்ளாஸ்டர்ஷயர், சாமர்செட் கவுன்சில்களின் மூடல் முடிவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஏழைகள் மீதான பாதிப்பைச் சரியாக எடைபோடவில்லை என்பது காரணம். 2018இல் திவாலாகிப்போன நார்த்தாம்ப்டன்ஷயர் கவுன்சில் 21 நூலகங்களைக் கைவிடப் பார்த்தபோதும் அதேதான் நடந்தது. ஆனால் இந்தத் தீர்ப்புகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ‘மூடாதே’ என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை, ‘முறைப்படி மூடு’ என்றுதான் சொன்னார்கள். கவுன்சில் அதிகாரிகள் பாடம் கற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை ஆலோசனைக் கூட்டம், பாதிப்பு மதிப்பீடு, கேள்வித்தாள் எல்லாம் ஒழுங்காக வைத்து, அதே கத்தரியை மறுபடி எடுத்தார்கள்.

கென்சல் ரைஸில் ஆல் சோல்ஸ் கல்லூரி கட்டடத்தை ஒரு கட்டுமானக்காரருக்கு விற்க முன்வந்தது. அடுக்குமாடி வீடுகளாக மாற்ற 2013இல் விண்ணப்பம் போனது. விண்ணப்பத்தை ஆதரித்துக் கவுன்சிலுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. ஊரே எதிர்க்கும்போது இந்த ஆதரவாளர்கள் யார் என்று போராட்டக்காரர்கள் துருவினார்கள். பல முகவரிகள் போலி என்று தெரியவந்தது. போலீஸ் விசாரித்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திருத்தப்பட்டு மறுபடி வந்தது. இதற்கிடையே 2014 தொடக்கத்தில் வெளியிலிருந்த கொட்டகை நூலகத்தையும் யாரோ இரவோடு இரவாகப் பிரித்துப்போட்டார்கள். இந்த நூலகத்துக்கு நடந்த கெடுதலெல்லாம் ஏன் ராத்திரியிலேயே நடந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஊரார் விடாமல் நெருக்கியதில், மேலே வீடுகள், தரைத்தளத்தில் ஒரு பகுதி நூலகத்துக்கு என்று முடிவானது. 2019இல் நூலகம் திறந்தது. எட்டு வருடப் போராட்டம்.

திறந்தது நூலகம்தானா?

நடத்துபவர்கள் ஊர்த் தன்னார்வலர்கள். கவுன்சிலின் நூலகர் இல்லை, சம்பளம் இல்லை. பிரெஸ்டன், பார்ஹம், கிரிக்கில்வுட் நூலகங்களும் இப்படித்தான் திரும்பி வந்தன. நாடு முழுவதும் இதுவே வழக்கமாகிவிட்டது. பிபிசி 2016இல் திரட்டிய கணக்குப்படி, ஆறு ஆண்டுகளில் 343 நூலகங்கள் மூடப்பட்டன, சுமார் 8,000 நூலக வேலைகள் போயின, அதே காலத்தில் 15,500 தன்னார்வலர்கள் உள்ளே வந்தார்கள். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று புரியும். கவுன்சிலுக்கு வேண்டாதிருந்தது கட்டடமும் புத்தகமும் அல்ல, சம்பளப் பட்டியல். ஊரார் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள், சம்பளப் பட்டியல் போயே போய்விட்டது.

எழுத்தாளர் ஃபிலிப் புல்மேன் இதை முன்பே சொன்னார். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் தன் 43 நூலகங்களில் 20க்கு நிதியை நிறுத்தப்போவதாகவும், தன்னார்வலர்கள் நடத்தட்டும் என்றும் அறிவித்த 2011 ஜனவரியில், வேலைவெட்டியில்லாமல் காத்துக்கொண்டிருக்கும் அந்தத் தன்னார்வலர்கள் யார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். பணக்கார ஊரில் ஓய்வுபெற்ற வக்கீலும் ஆசிரியையும் கிடைப்பார்கள், இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாத தெருவில் யார் கிடைப்பார்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் முனை. சர்ரே கவுன்சில் பத்து நூலகங்களைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைக்க முயன்றபோது, அவர்களுக்கு வேண்டிய பயிற்சியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று 2012இல் நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது. கவுன்சில் யோசித்துவிட்டு மறுபடி ஒப்படைத்தது.

நூலகர் என்ன செய்துவிடுகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் வேலையற்றோர் உதவித்தொகைக்கு இப்போது விண்ணப்பிப்பது இணையத்தில்தான். வீட்டில் கணினி இல்லாதவர் போகும் இடம் நூலகம். ஆங்கிலம் தடுமாறும் மூதாட்டிக்கு எந்தப் பெட்டியில் எதை நிரப்ப வேண்டும் என்று காட்டுவது, அவர் விவரத்தை வெளியே சொல்லாமலிருப்பது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்திருப்பது எல்லாம் பயிற்சியால் வருவது. அன்பால் மட்டும் வராது. தன்னார்வலர்களோ கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, மின்கட்டணத்துக்கு எந்தச் சந்தையில் கேக் விற்பது என்ற கவலையில் பாதி ஆயுளைக் கழிக்கிறார்கள். இதனால் அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் அங்கே வெறும் வீடுகள்தான் இருந்திருக்கும். ஊர் பாசத்தோடு தூக்கிக்கொண்ட சுமையை, கவுன்சில் தன் கடமைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

வரிப்பணத்தில் நூலகம் என்ற யோசனை பிரிட்டனில் சட்டமானது 1850இல். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் சட்டப்படி வரிப்பணத்தில் கட்டடம் கட்டலாம், புத்தகம் வாங்கக் கூடாது! தானமாக வந்தால் உண்டு. அந்த விதி விரைவில் மாறியது. மாறிய பிறகு வளர்ந்த நூலகங்களை 1924-25இல் சுற்றிச்சுற்றிப் பார்த்தவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். வேலை பழகியது தெற்கு லண்டனின் குராய்டனில், தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸிடம். தெருவுக்குத் தெரு கிளை நூலகம், தொழிலாளியும் குழந்தையும் தயங்காமல் நுழையும் வாசல் என்பதையெல்லாம் அங்கே கண்டு வந்தவர் விடாது முயன்றதில் 1948இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நாம் இன்றும் கட்டுகிறோம். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அந்த வரி தனியாக இருக்கும்.

அந்தக் குராய்டன் கவுன்சில் 2020இல் நிதி முறிந்து கைவிரித்தது. 2024இல் நான்கு கிளை நூலகங்களை மூடியது. பிராட்மோர் கிரீன், பிராட் கிரீன், சாண்டர்ஸ்டெட், ஷெர்லி. குராய்டனிலும் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். மனுக்கள் போயின, கூட்டங்கள் நடந்தன. முறைப்படி எல்லாம் செய்து முறைப்படியே மூடினார்கள்.

பிரென்ட்டில் மூடிய ஆறில் நான்கு திரும்பிவிட்டதை வெற்றி என்று கொண்டாடுவோரை நான் மறுக்கமாட்டேன். மிச்சம் இரண்டு, நீஸ்டனும் டோக்கிங்டனும். இவற்றைத் திறந்துவைக்க மார்க் ட்வெய்ன் வந்ததில்லை, நிலப் பத்திரத்தில் எந்தக் கல்லூரியின் பெயரும் இல்லை, படமெடுக்க வரும் பத்திரிகைக்காரர்களுக்கு வாசலில் கண்ணுக்கினிய கதை எதுவும் கிடைக்கவில்லை. புத்தகம் எடுப்போரில் 46 சதவிகிதம் என்று நீதிமன்றத்தில் எண்ணிக் காட்டப்பட்டவர்கள் நிறைய வாழும் பக்கங்கள் இவை. டோக்கிங்டன் கட்டடத்தைக் கவுன்சில் விற்றுவிட்டது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வெம்பிளி சிவிக் சென்டரில் நூலகம் இருக்கிறது, பெரியது. அங்கே சம்பளம் வாங்கும் நூலகர்களும் இருக்கிறார்கள். யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.